செல்லாயி காட்டிய எல்லைகள்

நாவல்முறிப்பில் எந்தக் காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று காணிக்காரரைக் கேட்டுப் பாருங்கோ, திருதிருவென்று முழிப்பினம். செல்லாயியைக் கேளுங்கோ, முன்னுக்கு நடந்து காட்டுவாள். அப்படிப்பட்டவளின் பெயரைத்தான் மீள்குடியேற்றப் பட்டியலில் விட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த தாளை மகள் சுதர்ஷினி மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் வாசித்தாள். நாற்பத்தொரு குடும்பம்.

“அம்மா, எங்கட பேர் இல்லை.”

“வடிவாப் பாரடி.”

“பாத்திட்டன் அம்மா. இல்லை.”

பட்டியலில் பெயர் இருந்தால்தான் காணிக்குப் பத்திரம். பத்திரம் இருந்தால்தான் வீடு. இரண்டும் இல்லையென்றால், இருக்கிற கூடாரத் தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு தாயும் மகளும் தெருவில்தான் நிற்கவேண்டும். செல்லாயிக்குக் காது இரண்டும் சுட்டது.

அவளுக்கு ஏன் அப்படிக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது என்று விளங்க, இந்த ஊருக்கு ஆர் வந்தது ஆர் போனது என்று கொஞ்சம் தெரியவேண்டும். திருக்கேதீஸ்வரத்துக்கு அங்கால, விடத்தல்தீவுப் பாதையில் இருந்து உள்ளுக்கு மூன்று மைல். ஒரு குளம், குளத்துக்குக் கீழே வயல், பதினெட்டுக் குடும்பம். முந்தி ஊர் அவ்வளவுதான். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் இருந்த லயத்துக்கு நெருப்பு வைக்க, உடுத்த உடுப்போடு ஓடிவந்த இருபத்தாறு குடும்பத்தை லொறிகள் இங்கே கொண்டுவந்து இறக்கின. செல்லாயிக்கு அப்போது பதின்மூன்று வயது. அவ்வளவு வெயிலை அதற்கு முன் அவள் கண்டதில்லை.

அப்போது ஊரில் பெரிய கமக்காரர் ஆரென்றால், இப்போது ஊர்த் தலைவராக இருக்கிற சரவணமுத்துவின் தகப்பன். அந்தாளுக்கு இரக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. வயலில் இறங்க ஆளில்லாத அவசரமும் இருந்தது. தன்னுடைய காணியின் காட்டோரத்தில் செல்லாயியின் தகப்பனுக்கு அரை ஏக்கரைக் கையால் காட்டி, “வெட்டித் துப்பரவாக்கி இருங்கோ, இனி இது உங்கட” என்றார். எழுத்து ஒன்றும் இல்லை. பெரிய மனிதன் வாயால் சொன்னால் போதும் என்று அந்தச் சனம் நம்பியது. நம்பினதுதான் அவர்கள் செய்த பிழை.

அன்று தொடக்கம் ஊரின் வேலி முழுக்க அவர்களின் தலையில் விழுந்தது. மாரிக்கு முன்னம் ஒவ்வொரு வருசமும் கதியால் தடி நடவேண்டும், முள்ளு அலம்பல் கட்டவேண்டும், எல்லைக்கல்லை மண் மூடியிருந்தால் கிண்டி எடுக்கவேண்டும். முதலில் தகப்பனோடு போனாள். பிறகு புருசன் சின்னராசாவோடு போனாள். முள்ளுக் கிழித்த கை ஆறமுன்னம் அடுத்த வேலி வந்துவிடும். காணிக்காரர் கதிரையில் இருந்து கையை நீட்டுவார்கள், இவர்கள் கட்டுவார்கள்.

தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்க, அந்தப் பதினெட்டுக் குடும்பத்தில் பாதி வள்ளம் பிடித்து இராமேஸ்வரம் போனது. அதே வருசம் சந்தியில் கடை வைத்திருந்த ஜுனைதீன் காக்காவையும் அவருடைய முஸ்லிம் சனத்தையும் துவக்கோடு வந்த இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொன்னது. பிறந்து வளர்ந்த மனிசன், ஒரு பையோடு புத்தளத்துக்குப் போனார். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றது. மலையகத்துச் சனத்திலும் சிலர் வவுனியாவுக்குப் போச்சினம், சிலர் இந்தியாவுக்குப் போச்சினம். வேறு ஊர்களில் அடிபட்டு வந்தவர்கள் வெறும் வீடுகளில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு அவர்களும் போனார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆளில்லாத காணிகளுக்கும் மாடு நுழையாமல் வேலி கட்டினது ஆர்? இந்தச் செல்லாயிதான்.

இரண்டாயிரத்தேழில் பீரங்கிச் செல் வந்து விழ, மிச்சச் சனமும் எழும்பி ஓடியது. ஓடி ஓடி முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் போனதும், அங்கே பதுங்குகுழி வாசலில் சின்னராசா விழுந்ததும், அவனை மூட மண் அள்ளக்கூட நேரமில்லாமல் மகளை இழுத்துக்கொண்டு அவள் ஓடினதும் அவள் வாய் திறந்து சொல்லுகிற கதைகள் இல்லை. பிறகு செட்டிகுளம் முகாம், முள்ளுக்கம்பி, வரிசை.

இரண்டாயிரத்துப் பத்தில் கண்ணிவெடி எடுத்து முடித்து ஊரைத் திறந்தபோது, இருபத்தாறு மலையகக் குடும்பங்களில் திரும்பி வந்தது செல்லாயியும் மகளும் மட்டும்தான். மற்ற நாற்பத்தொரு குடும்பமும் பழைய காணிக்காரரும் அவர்களின் பிள்ளைகளும். முகாமில் இருந்து வந்தார்கள், இந்தியாவில் இருந்து வந்தார்கள், கொழும்பில் இருந்து வந்தார்கள். வந்து பார்த்தால் ஊர் எங்கே? ஆள் உயரத்துக்குப் பற்றைக் காடு. வேலி எரிந்துபோச்சு, பனைகளைப் பதுங்குகுழிக்குத் தறித்துப்போட்டார்கள், கிணறுகள் தூர்ந்துபோச்சு. நில அளவைக்காரர் சங்கிலியோடு வந்து, “எல்லையைக் காட்டுங்கோ” என்று கேட்க, ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டினார்கள்.

கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவர் இப்போது சரவணமுத்து. அவர்தான் ஆள் அனுப்பினார். “செல்லாயி, நீதான் வந்து காட்டவேணும் பிள்ளை. உன்னை விட்டால் எங்களுக்கு ஆர்?”

பிள்ளையாம்! அந்தத் தேன் வாயை அவள் நம்பினாளே. பதினொரு நாள் கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நடந்தாள். எரிந்த புளியமரத்தின் அடிக்கட்டையில் இருந்து எத்தனை எட்டு, பழைய வாய்க்கால் எங்கே திரும்பும், எல்லாம் அவளுடைய காலுக்குத் தெரிந்திருந்தது. ‘இங்க கிண்டுங்கோ’ என்ற இடத்தில் கிண்ட, கல்லு வந்தது. ஜுனைதீன் காக்கா இருபது வருசத்துக்குப் பிறகு புத்தளத்தில் இருந்து வந்து நிற்க, அவருடைய கடையின் அத்திவாரத்தையும் அவள்தான் பற்றைக்குள் தேடி எடுத்துக்கொடுத்தாள். மனிசன் அந்தக் கல்லில் குந்தியிருந்து அழுதார்.

சரவணமுத்துவின் காணிக்கும் நாலு மூலைக் கல்லையும் ஒளிக்காமல் மறைக்காமல் காட்டினாள். அந்த நாலு கல்லுக்கும் நடுவில்தான் அவளுடைய அரை ஏக்கரும் கிடந்தது. அதைக் கடைசியாகச் சொல்லிப் பிரிப்பம், முதலில் மற்றவையின்ர அலுவல் முடியட்டும் என்று விட்டாள். அவ்வளவு மடைச்சியாக இருந்தாள்.

தாளைப் பார்த்த கையோடு அவள் சரவணமுத்து வீட்டு வாசல் படலையடிக்குப் போனாள்.

“ஐயா, பட்டியலில என்ர பேர் எங்க?”

“அது அரசாங்கக் கந்தோரில போட்ட பட்டியல் செல்லாயி. நான் என்ன செய்ய?”

“பேர் எழுதிக் குடுத்தது நீங்கள்.”

“ஊர்ச் சனத்தின்ர பேரைத்தானே கேட்டவை. நீங்கள் வந்து இருந்த ஆக்கள். உங்கட பக்கத்தில உங்களுக்கு ஏதும் குடுப்பினம்.”

“எங்கட பக்கம் எது ஐயா? பதின்மூண்டு வயதில நெருப்புக்குள்ளால ஓடி வந்தனே, அதுவோ?”

“கத்தாத. அப்பா இருக்கச் சொன்னவர்தான், எழுதிக் குடுத்தவரே? மூலைக் கல்லைக் காட்டினது ஆர்? நீதானே.”

கேட்டியளோ கதையை! அவள் நேர்மையாகக் காட்டின கல்லையே தூக்கி அவளுடைய தலையில் போட்டார். பின்னால் வந்து நின்ற பெண்சாதி வசந்தமலர் சமாதானம் பண்ணுகிற குரலில், “நாங்கள் உன்னைக் கலைக்கேல்லையடி. மகன் கனடாவில, எங்களுக்கும் ஏலாது. காணிக்குக் காவலா ஒரு பக்கத்தில இரன்” என்றா.

“காவலோ? என்ர காணிக்கு நானே காவலோ?” என்று கேட்டுவிட்டு, படலையை அடித்துச் சாத்திக்கொண்டு செல்லாயி வந்தாள். அன்று அடுப்பு மூட்டவில்லை. சுதர்ஷினி ஏதோ சொல்ல வாயெடுக்க, “நீ பேசாமல் இரு” என்று அவளிலும் எரிந்து விழுந்தாள்.

அடுத்த கிழமை நில அளவைக்காரர் வரைபடங்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நாற்பத்தொரு தாள். ஊர் முழுக்க மண்டபத்தில் கூடிவிட்டது. ஒவ்வொரு தாளிலும் எல்லை காட்டியவர் கையெழுத்து வைக்கவேண்டும் என்று அவர் சொல்ல, சரவணமுத்து ஒன்றும் நடக்காத மாதிரி, “செல்லாயி, வா, வந்து வை” என்று கூப்பிட்டார்.

அவள் மேசையடிக்கு வந்தாள். பேனையைத் தொடவில்லை.

நில அளவைக்காரர் தாளைப் பார்த்துக் கேட்டார். “பேர் செல்லாயி. எத்தினை வருசமா இந்த ஊரில இருக்கிறியள் அம்மா?”

“தலைவரைக் கேளுங்கோ. நான் இந்த ஊராள் இல்லையாம். பட்டியலிலயும் இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சரவணமுத்துவைப் பார்த்தார். “ஊராள் இல்லாத ஒருவர் காட்டின எல்லையை நான் எப்படிப் பதியிறது? அப்படியெண்டால் இந்த நாற்பத்தொண்டும் சரிவராது. வேற ஆள் காட்ட, முதலில இருந்து அளக்கவேணும். எனக்கு இனித் திகதி அடுத்த வருசம்தான்.”

மண்டபம் இரைந்தது. இரைந்தது சரவணமுத்துவைப் பார்த்து என்று நினைக்கிறியளோ? இல்லை, செல்லாயியைப் பார்த்து! “ஒரு கையெழுத்துத்தானேயடி”, “உன்ர அரை ஏக்கருக்காக நாற்பது வீட்டைக் கெடுக்கப்போறியோ”, “பாவம் பாக்கமாட்டியோ” என்று ஆளுக்கொரு பக்கம் தொடங்கினார்கள்.

செல்லாயி திரும்பினாள். “பாவமோ? உங்கட வேலியெல்லாம் கட்டேக்க என்ர கையைப் பாத்தனீங்களோ? முகாமில என்னோட ஒரே வரிசையில நிண்டு கஞ்சி வாங்கேக்க நான் எந்த ஊராள்? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சது, இப்ப தெரியேல்லையோ?”

கடைசி வாங்கில் குந்தியிருந்த ஜுனைதீன் எழும்பினார்.

“தொண்ணூறில என்னைப் போகச் சொல்லேக்க, இப்பிடித்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். இண்டைக்கும் நிக்கப் போறியளோ? என்ர தாளையும் கிழிச்சுப் போடுங்கோ. இந்தத் தங்கச்சி ஊராள் இல்லையெண்டால் எனக்கும் வேண்டாம்.”

அதற்குப் பிறகுதான் சனத்தின் கண் மெல்லச் சரவணமுத்துவின் பக்கம் திரும்பியது. நீதி நியாயத்துக்காக என்று நான் சொல்லமாட்டன். அவரவர் வீடு அவரவருக்கு. “தலைவர், சொல்லிவிடுங்கோவன்” என்று ஆரோ சொல்ல, இன்னும் நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அந்த அரை ஏக்கரைப் பிரிச்சுக் கீறலாமோ?” என்று செல்லாயி நில அளவைக்காரரைக் கேட்டாள்.

“காணிக்காரர் சபையில ஒத்துக்கொண்டு எழுதித் தந்தால் கீறலாம்.”

சரவணமுத்து மனைவியைப் பார்த்தார். வசந்தமலர் தலையைக் குனிந்துகொண்டா. அவர் தாளை இழுத்து எழுதினார், பட்டியலின் அடியில் அவளுடைய பெயரையும் சேர்த்தார், கையெழுத்து வைத்தார். பேனையை மூடிவிட்டு இருக்கப் பார்த்தார்.

“சபையில சொல்லவும் வேணும்” என்றார் நில அளவைக்காரர்.

சரவணமுத்து எழும்பி மேசையைப் பார்த்து, “செல்லாயி எழுபத்தேழில இருந்து இந்த ஊராள். அந்த அரை ஏக்கர் அப்பா அவையளுக்குக் குடுத்தது” என்று தொண்டைக்குள்ளே முணுமுணுத்தார்.

செல்லாயிக்குச் சந்தோசம் வரவில்லை. முப்பது வருசம் தகப்பனும் சின்னராசாவும் அவளும் முறிந்ததற்கு வராத சொல்லு, தங்களுக்குத் தேவை வந்தவுடன் வருகிறதே என்று வயிறு எரிந்தது. இவ்வளவு காலம் இந்த ஊர்ப் பேச்சையே பேசிப் பழகியவளுக்கு, அந்த நேரம் தாயின் தோட்டத்துப் பேச்சுத்தான் வாயில் வந்தது.

“யாருக்கும் கேக்கலைங்க” என்றாள். “இன்னொருவாட்டி சத்தமாச் சொல்லுங்க.”