கருப்பையா நெஞ்சுல விழுந்த வெள்ளை

எக்ஸ்ரே ரூம்ல பொழப்பு நடத்துறவனுக்கு ஊரார் எலும்பெல்லாம் அத்துப்படி, தன் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் தெரியாது. இருட்டுல படம் கழுவி விரல் கறுத்த என் இனத்து ஆளுங்களே, கேளுங்க.

மாட்டு எலும்பு

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில படம் கழுவுறது நானு. ஹட் பே தீவுல தோட்டத்து வேலைக்குப் போறவனுக்கு, நெஞ்சு சுத்தம்னு டாக்டர் எழுதினாத்தான் கப்பல். ராமநாதபுரத்துக் கருப்பையா வந்தான். "இந்தப் படத் தகடுல என்னண்ணே தடவியிருக்கு?"ன்னான். "மாட்டு எலும்பக் காய்ச்சின பசை, அதுல வெள்ளிச் சத்து. எக்ஸ்ரே பட்டா வெள்ளி கறுக்கும்"னேன். டாக்டர் சொல்லி நானே ஆடிப்போன சங்கதி அது. அவன் மூஞ்சி வெளிறிப்போச்சு.

"மாட்டு எலும்ப வச்சா என் எலும்பப் பாக்குறீங்க? உள்ள மாடு தெரிஞ்சா வேலை குடுப்பாங்களாண்ணே?"

டாக்டர் சொன்னது

மறுநாள் காலையில பெங்காலி டாக்டர், நான் எடுத்துக் கழுவின கருப்பையா படத்த வெளிச்சத்துல புடிச்சாரு. நெஞ்சுல வலப்பக்கம் பளிச்சுன்னு வெள்ளைத் திட்டு. "டி.பி. ஹை. ஹட் பே நஹீ, மெயின்லேண்ட் பேஜோ"ன்னாரு. டி.பி.யாம், ஹட் பே கெடையாதாம், ஊருக்கே திருப்பி அனுப்பணுமாம். ஹட் பே கப்பல் மத்தியானம். அவன் பொண்டாட்டி செல்லம்மா சட்டி பானை, ரெண்டு கோழியோட கப்பல்துறையில காத்துக் கெடக்கு. கருப்பையா தரையில உக்காந்துட்டான்.

"இருமலே இல்லாதவனுக்கு டி.பி.யா? இருந்த குடிசையையும் வித்துட்டு வந்தேனய்யா, எங்க போய் எறங்குவேன்?"

அடுப்படி

படத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். வெள்ளையோட ஓரம் பூரா பல்லு பல்லா இருந்துச்சு. விரலால தடவினா, பள்ளம்! அப்பத்தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஓயாத மழை, இருட்டு ரூம்ல படம் காயல. நானு என்ன செஞ்சேன்? ஆஸ்பத்திரி சமையல்கட்டுல, அடுப்புக்கு மேல கொடி கட்டித் தொங்கவிட்டேன். கரப்பான்பூச்சி வந்து பசையச் சுரண்டித் தின்னுருக்கு. கறுத்த பசை போன எடம் வெள்ளை!

சொன்னா வேலை போயிரும். சொல்லலேன்னா அவன் போயிருவான். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவரு வாசலக் காட்டினாரு. வேலை போச்சுன்னு நெனச்சேன். அவரு காட்டினது வாசல்ல நின்ன கருப்பையாவ. மறுபடி எடுத்தோம். இந்தத் தடவ கழுவின ஈரத்தோடயே பாத்தாரு. நெஞ்சு சுத்தம்!

சீட்டோட ரெண்டு பேரும் கப்பல்துறைக்கு ஓடினோம். விஷயத்தக் கேட்டு செல்லம்மா கோழியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு சொல்லுச்சு:

"பத்து வருசமா நானும் இந்தாளு நெஞ்சத் தேடுறேன், பூச்சிக்கு மட்டும் எப்படிண்ணே அம்புட்டுச்சு?"

படத்துல தெரியற கோளாறுல பாதி, படுத்திருக்கவனுக்கு இல்லீங்க, கழுவுறவனுக்கு.