பழுதான கிழங்குக்கு அவோமோரிச் சொல்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து சாய்ந்து போகும், ர-வும் ற-வும் இடம் மாறும். பொறுத்துக்கொள்ளுங்கள். இது தூரப் பயணமும் அல்ல, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒன்பது பத்துக் கிலோமீட்டர். ஆனால் அங்கே ஜப்பானில் சமையல் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒரே ஒரு இடம். எனக்கு நாற்பத்தாறு வயது. இனி எவரும் கூப்பிடப்போவதில்லை.

காலை 8.10. ஜம்பட்டா வீதியிலிருந்து கோட்டைக்கு நடந்தேன். மூன்றாம் வகுப்பு டிக்கெட் நாற்பது ரூபாய். ரயிலில் இடம் இருந்தும் நின்றேன். கொள்ளுப்பிட்டியில் மணி பார்த்தேன், பம்பலப்பிட்டியில் மறுபடியும் பார்த்தேன்.

9.30. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு லொட்ஜ். முதலாளியம்மா ஜப்பானின் வடக்கே, அவோமோரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். விடியவே கிழங்கும் கோழியும் சோயா சோஸில் அவித்து வைத்திருந்தார். ஒவ்வொருவரும் அதை ருசி பார்த்து எப்படி என்று சொல்ல வேண்டும். வந்தவர்கள் பதினைந்து பேர். நான் கடைசி.

எழும்பினேன், இருந்தேன், கடல்வரை போய்த் திரும்பினேன். பக்கத்தில் இருந்த மாளிகாவத்தை ஃபரீத் சிரித்தார்.

"அண்ணே, நீங்க நடந்த நடைக்கு இப்ப பாதி ஜப்பான் போயிருக்கலாம். இரிங்களே."

"இருந்தா கால் ஆடுது தம்பி."

"எனக்கு கிளாஸ்ல ருசி எண்டதுக்கு 'ஓய்ஷி' மட்டும்தான் படிச்சுத் தந்தாங்க. எது தந்தாலும் அதுதான்."

நான் முன்பு ஐந்து வருடம் அவோமோரியில் கோப்பை கழுவியவன். அந்தக் குசினியில் ஓய்ஷி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒசாகாக்காரன் "மெச்சா உமாய்" என்பான். தெற்கே ஃபுகுவோகாவிலிருந்து வந்தவன் "உமாகா" என்பான். உள்ளூர்க்காரர்கள் வாயை அதிகம் திறக்காமல் "மே" என்று முடித்துவிடுவார்கள். எல்லாம் ருசியைத்தான் சொல்கின்றன. வைத்த சாப்பாடு பழுதானால் அவோமோரிப் பேச்சில் "அமெதெரா". மிச்சத்தைக் கொட்டுவது என் வேலை என்பதால் நான் அதிகம் கேட்டது அதைத்தான்.

பிற்பகல் 3.10. ஃபரீத் வெளியே வந்தார், நான் உள்ளே போனேன். பாத்திரம் காலையிலிருந்து வெயில் விழும் ஜன்னலோரத்திலேயே இருந்தது. கிழங்கு நூல் விட்டது. வாயில் வைத்ததும் புளித்தது.

"எப்படி இருக்கு எண்டு மேடம் கேக்கிறா," என்றார் மொழிபெயர்க்கும் மிஸ்.

ஒருவர் தன் கையால் சமைத்துத் தந்ததை நான் எந்த வீட்டிலும் குறை சொன்னதில்லை. ஓய்ஷி நாக்கு நுனிவரை வந்தது. கோப்பையைப் பார்த்தபடியே "அமெதெரா" என்றேன்.

"என்ன சொன்னனீங்கள்?" மிஸ்ஸுக்கு அந்தச் சொல் தெரியவில்லை.

முதலாளியம்மாவுக்குத் தெரிந்தது. பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோனார். முகம் சிவந்தது. என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். பிறகு வயதைக் கேட்கவில்லை. எப்போது ஜப்பானுக்கு வர முடியும் என்று கேட்டார்.

4.25. ஸ்டேசனில் ஃபரீத் எனக்காகக் காத்திருந்தார்.

"அது புளிச்சுப் போயிருந்ததே அண்ணே. நான் ஓய்ஷி எண்டு சொல்லி ரெண்டாந் தரமும் வாங்கித் திண்டேன். வேலை கெடச்சாப் போதும்."

வயிற்றைத் தடவிக்கொண்டார். வேலை எனக்குத்தான் கிடைத்தது என்று கோட்டைவரை ஒவ்வொரு ஸ்டேசனிலும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன்.

மறுநாள் போனில் சொன்னேன்.

"நீங்க மேடத்துக்கு என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

"மெதுவாச் சொல்லுங்க அண்ணே, எழுதிக்கிறேன். அடுத்த இன்டர்வியூவுக்கு வேணும்."

மூன்று தரம் சொன்னேன்.

எழுதியது: 2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு.