ஈசானிய மூலையில் ஈயம்

பழைய தொழிற்சாலை மண்ணில் விஷம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அள்ளி அப்புறப்படுத்தி, வீடு கட்ட லாயக்கு என்று எழுதிக் கொடுக்கிற உத்தியோகம் என்னுடையது. மண்ணோடு மல்லுக்கட்டுவது சுலபம், மனுஷரோடுதான் தாவு தீரும். வெயிலில் ஹெல்மெட்டோடு குழி தோண்டும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? அரியலூர் பக்கம் ஒரு சைட்டில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கின பட்டறை அது. மூடி வருஷக்கணக்காகி, இப்போது மனை பிரித்து விற்றிருந்தார்கள்.

துளை போட்டால் சிமெண்ட்

முதல் நாள் மண் எடுக்க மெஷினை இறக்கினோம். அரியலூரில் ஹெல்மெட் போட்டவன் துளை போட்டால் ஒரே அர்த்தம்தான், கீழே சுண்ணாம்புக்கல், சிமெண்ட் கம்பெனி நல்ல விலைக்கு நிலம் வாங்க வருகிறது. பத்து மணிக்குள் வேலியோரம் கூட்டம். ஈயம் இருக்கிறதா என்று பார்க்கிறோம், சிமெண்ட் கம்பெனி இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, எங்க கொல்லையிலயும் ஒரு ஓட்டை போடுங்க. கல்லு இருந்தா கம்பெனிக்குச் சொல்லுங்க, ஈயம் இருந்தா யாருக்கும் சொல்லாதீங்க."

கரிசல் ஆசை

உலைச் சாம்பல் கலந்து கறுத்த மண்ணை அள்ளிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, 'ஆபத்து' என்று போர்டும் வைத்தோம். மறுநாள் குன்னத்திலிருந்து டிராக்டரோடு ஒருத்தர் வந்து நிற்கிறார், பருத்தி போடுகிறவர். கறுத்த மண்ணைக் கண்டால் அந்தப் பக்கத்து ஆளுக்குக் கை சும்மா இருக்குமா? கரிசல் என்றே முடிவு கட்டிவிட்டார். விஷம் ஐயா என்றேன். போர்டை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"நல்ல மண்ணு இல்லாட்டி எதுக்குங்க தார்ப்பாய் போட்டு மூடுறீங்க?"

நட்ட கல்

வடகிழக்கு மனை சுகன்யாவுடையது. மருந்துக்கடையில் வேலை, வாடகை வீட்டைத் தைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் சொல்லும்வரை உள்ளே வராதீர்கள் என்றிருந்தோம். நல்ல நாள் நமக்காகக் காத்திருக்குமா? ஆவணியில், எங்களுக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை பார்த்து, ஈசானிய மூலையில் பூஜை போட்டு, பால் ஊற்றி, கல்லும் நட்டுவிட்டார். மறுநாள் லேப் ரிப்போர்ட் வந்தது. மொத்த சைட்டிலும் ஈயம் அதிகம் உள்ள இடம் அந்த மூலைதான்.

நட்ட கல்லைப் பிடுங்கக் கூடாது என்றார். ரிப்போர்ட்டைக் காட்டினேன், அசையவில்லை. அவர் இடுப்பில் ஆறு மாசப் பையன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தவழ ஆரம்பித்தால் இந்த மண்ணைத்தான் அள்ளி வாயில் போடுவான், ஈயம் மூளையைக் கெடுத்துவிடும் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துவிட்டது, பாவம். ஆனாலும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றவர், இந்த இடத்தில் முன்னே என்னதான் இருந்தது என்று கேட்டார். உலை என்றேன். அவ்வளவுதான், பையனை என் கையில் திணித்துவிட்டு, குனிந்து தானே கல்லைப் பிடுங்கினார்.

"அக்னி மூலையில வைக்க வேண்டிய அடுப்பக் கொண்டாந்து ஈசானியத்துல வச்சிருக்கான். கம்பெனி வெளங்குமாண்ணே?"

ஒரு பிடி

இடுப்பளவு தோண்டி அள்ளினோம். செம்மண் கொட்டி, அதையும் லேபுக்கு அனுப்பினோம். தையில் குடிபோவது நடக்காது என்றாகி, சுகன்யா வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம் கெஞ்சி வாய்தா வாங்கினார். அந்தக் கோபத்தை என்மேல் காட்டினார், பொழுதுக்கும் போன். ஐப்பசியில் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்த அன்று, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுபூஜைக்கு என்னையும் கூப்பிட்டார். ரிப்போர்ட்டைத் தாம்பாளத்தில் வைத்துக் குங்குமம் இட்டார். தரையில் இறங்கத் துள்ளின பையனை விடப் போனவர், சட்டென்று நின்று, ஒரு பிடி மண்ணை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"அள்ளி வாயில போடுவான்னு நீங்கதான சொன்னீங்க. மொதல்ல நீங்க போடுங்கண்ணே, அப்புறம் அவன எறக்கி விடுறேன்."

பதினோரு வருஷமாக மண்ணை லேபுக்கு அனுப்பியே பிழைத்த எனக்கு, நல்ல மண் நறநறவென்று இருக்கும், உப்புக் கரிக்காது என்று ருசி பார்த்துச் சொல்கிற தகுதி அன்றைக்குத்தான் வந்தது.