பட்டில் இடம் மாறிய கை

கல்யாணமாகி வந்த வீட்டில், தறிக்குக் கிராஃப் போடும் வேலை என் கைக்கு வந்ததே பெரும்பாடு. எழுபதுகளின் தொடக்கம் அது. கட்டம் போட்ட தாளில் பூவையும் அன்னத்தையும் வரைந்து கொடுத்தால், அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டை சொல்கிறபடி பட்டில் ஜரிகை விழும். வரைவது ஆண்கள் வேலை என்பது கணவருடைய அண்ணனின் கட்சி.

"இது ஒண்ணு போட்டுப் பாரும்மா. கோணிக்கினு போச்சுன்னா பிரஷ்ஷக் கழுவி வச்சுடணும்," என்றார்.

அந்த ஒண்ணு சேலை அல்ல. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு ஃபாதர் பஸ் பிடித்து வந்து, தன் தேவாலயத்துப் பீடத்தின் பின்னால் தொங்கவிட ஒரு பட்டுத் திரை கேட்டிருந்தார். மாதிரிக்கு ஒரு படம் கொடுத்தார். நெதர்லாந்து பக்கத்தில் யாரோ பல நூறு வருஷங்களுக்கு முன்னால் பேனாவால் வரைந்ததாம். அதன் அச்சுப் பிரதி. பீடத்தின் மேல் நிற்கும் மூன்று பலகைச் சித்திரம் அது. நடுவில் மடியில் குழந்தையோடு மாதா. இரண்டு பக்கமும் கதவு போல மூடித் திறக்கும் பலகைகள். இடப்பக்கம் மண்டியிட்ட ஒரு பெண், வலப்பக்கம் மண்டியிட்ட ஓர் ஆண். மாதாவின் அங்கி மடிப்புகளைப் பார்த்தால், வரைந்தவர் துணியோடு பழகியவர் என்று தோன்றியது.

ஒன்று மட்டும் உறுத்தியது. குழந்தை இடது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தது. எங்கள் வீட்டில் இடது கையால் விபூதி கொடுத்தால் வாங்குவோமா? ஆனால் அவர்கள் சாமி, அவர்கள் வழக்கம். வாயை மூடிக்கொண்டு உள்ளது உள்ளபடி வரைந்தேன்.

கணவர் நெய்தார். எங்கள் தறியில் துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்த்திருக்கும்; நெய்கிறவர் கண்ணில் படுவது பின்பக்கம்தான். அறுத்துத் திருப்பினால்தான் அதன் முகம் தெரியும். அறுத்தோம், திருப்பினோம். பெண் வலப்பக்கம் போயிருந்தாள், ஆண் இடப்பக்கம் வந்திருந்தார். குழந்தை தூக்கியிருந்தது வலது கை.

அன்னமும் மயிலும் ஜோடியாக எதிரெதிரே நிற்பவை. எப்படித் திருப்பினாலும் அதேதான். கிராஃபை இடவலம் மாற்றிப் போட வேண்டும் என்ற நினைப்பே எங்கள் யாருக்கும் வந்ததில்லை. இப்போது அடுத்தவர் சாமியையே திருப்பி வைத்துவிட்டோம்.

"இப்ப இன்னாங்க பண்றது?"

"ஞாயித்துக்கெழம திருவிழான்னு சொல்லிட்டாரே. இன்னொண்ணு நெய்ய ஏது நேரம்? இருக்கறதக் காட்டலாம்," என்றார் கணவர். அண்ணன் அப்பவே சொன்னாரு என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுநாள் ஃபாதர் வந்தார். அண்ணனும் வந்து நின்றார், தீர்ப்புக் கேட்க வந்தவர் மாதிரி. திரையைப் பிரிக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன்:

"ஃபாதர், எடம் வலமா மாறிப் போச்சு. மன்னிக்கணும்."

அவர் திரையைப் பார்த்தார். அச்சுப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, ஆசீர்வாதம் வலது கையாலதான் பண்ணணும். இந்தப் படம் கைக்கு வந்ததுலேர்ந்து, இது ஏன் இடது கைன்னு முழிச்சிக்கினு இருந்தேன். பழைய சித்திரத்த மாத்தச் சொல்ல மனசு வரல. அந்த ஊர்லயும் பின்பக்கத்தப் பாத்துத்தான் திரை நெய்வாங்களாம், எங்கியோ படிச்சிருக்கேன். அதுக்காகவே எடவலம் மாத்தி வரைவாங்களாம். இதுவும் தறிக்குன்னு வரைஞ்சதுதான் போல. நீங்க இத நேராக்கிட்டீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. முகம் தெரியாத அந்த மனிதரும் நெய்கிறவருக்காகத்தான் வரைந்திருக்கிறார் என்று நினைத்தபோது, சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

ஃபாதர் திரையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தை முகூர்த்தத்துக்கு நம்ம தறில சேல ஏத்தப் போறமே, அதுக்கும் கிராஃப நீயே போட்டுடும்மா."

"சரி மாமா," என்றேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் முன்னாலேயே அழுதிருப்பேன்.