மேகலா தவறவிடாத படம்

செய்தி வந்தபோது நான் ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நீலசந்திராவில் நம் மன்றத்தின் அரங்கம். மாலைக் கூட்டம் தொடங்க இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. கைபேசியில் அழைத்தவர் இம்தியாசு, நம் மேடைக்குப் பல்லாண்டுகளாக விளக்கு அமைத்து வருபவர். "சார், மேகலாக்கா போய்ட்டாங்க சார்" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். கையில் பிடித்திருந்த ஒலிவாங்கி அந்த ஒற்றைச் சொல்லை வாங்கி வெற்று நாற்காலிகளின் மேல் முழங்கியது. முழக்கம் அடங்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

"காலைல கம்பெனி பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தாங்களாம். தலை சுத்துதுன்னு உக்காந்தாங்க, அவ்ளோதான். மூளைல ரத்தம் கசிஞ்சிடுச்சாம். ஆஸ்பத்திரி போற வரைக்கும்கூடத் தாங்கல சார்."

நாற்பத்து மூன்று வயது. மாலைக் கூட்டத்தில் நான் பேசவில்லை. நான் பேசாத கூட்டம் நம் மன்றத்தில் அதுவே முதல் என்று நண்பர்கள் சொன்னார்கள்.

மன்றத்து உறவுகளே, நம்மில் பெரும்பாலோர் மேகலாவை ஒரு கறுப்புச் சட்டையாகவே அறிவோம். கச்சேரி நடக்கையில் மேடையின் அடியில் குனிந்து நகரும் கறுப்புச் சட்டை. யார் கண்ணையும் உறுத்தக்கூடாது என்பதற்காக அவர் தேர்ந்துகொண்ட நிறம். ஒக்கலிபுரத்தில் தம்பியின் குடும்பத்தோடு வாழ்ந்தார். பீன்யாவில் எந்திர உதிரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், செய்து முடித்த உருப்படிகளின் அளவைச் சோதிக்கும் பணி. ஞாயிறுகளில் நம் இசை நிகழ்ச்சிகளைப் படமெடுத்தார். நான் அவரை மேகலை என்றே அழைத்தேன். "ஆதார்ல மேகலாதாண்ணா இருக்கு. நீங்க கூப்பிடறப்ப வேற யாரையோ கூப்பிடற மாதிரி திரும்பிப் பாக்கறேன்" என்பார். நான் திருத்திக்கொண்டதில்லை. இப்போது அவர் விரும்பியவாறே எழுதுகிறேன். காலம் கடந்த திருத்தம்.

அவர் எடுத்த முதல் கச்சேரிப் படங்கள் நினைவில் இருக்கின்றன. முந்நூறு படங்கள், அவற்றுள் ஒரு முகம்கூட இல்லை. சிவப்பு விளக்கு விழுந்த இடத்தில் கண்ணும் மூக்கும் அழிந்து, தக்காளியைப் பிளந்து வைத்தாற்போல் ஒரு சிவப்புத் திட்டு. நீலத்தில் எடுத்தவை கலங்கிய குளம். சில படங்களில் பாடகரின் குறுக்கே வரிவரியாய் இருட்டுப் பட்டைகள். விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிப்பதால் வருபவை அவை என்று இம்தியாசு விளக்கினார். "ஒளிர்வான் போட்டு எடுத்தால் என்ன?" என்று நான் கேட்டேன். "ஃபிளாஷ் போட்டா மேடையே செத்துடும்ணா. அப்புறம் கல்யாண ஆல்பம்தான்" என்றார் மேகலா.

வேறொருவராயின் படக்கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார். மேகலா தொழிற்சாலை முறையைக் கைக்கொண்டார். அங்கே அளவு தவறிய உருப்படியைத் தூக்கி எறிவதில்லையாம். ஏன் தவறியது என்று ஒரு சீட்டெழுதிக் கட்டுவார்களாம். அவ்வாறே கெட்டுப்போன ஒவ்வொரு படத்துக்கும் நீள நோட்டு ஒன்றில் ஒரு வரி எழுதினார். "சிவப்பு, முகம் வெந்துபோச்சு, இன்னும் இருட்டாக்கி எடுக்கணும்." "மைக் வாயை மூடிடுச்சு." "கேமரா பின்னாடி இருக்கற இருட்டைப் பாத்து ஏமாந்துடுச்சு, நானும் கேமராவை நம்பி ஏமாந்துட்டேன்." அந்த நோட்டில் எந்தத் தவறையும் அவர் அடுத்தவர் தலையில் எழுதியதில்லை. இதை நினைவில் நிறுத்துங்கள்.

பிறகு அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எந்த நிகழ்ச்சிக்கும் முதலில் வந்து நிற்பவன் நான். ஆகையால் என்னை மேடையில் நிறுத்தினார். இம்தியாசு ஒவ்வொரு நிறமாக மாற்ற, அவர் எடுத்து எடுத்துப் பார்ப்பார். பத்து நிமிடம் வாய் மூடி நிற்பது எத்துணைக் கொடுமை என்பதை அன்று உணர்ந்தேன்.

"பேசாம நில்லுங்கண்ணா, வாய் அசைஞ்சா படம் கலங்குது."

"நான் பேசவில்லையே, மூச்சுத்தானே விட்டேன்!"

"நீங்க மூச்சு விட்டாலே சொற்பொழிவு மாதிரி இருக்கு."

விளக்கு மேசையில் இருந்து இம்தியாசு கத்தினார்: "அக்கா, சார் நக்கோ, வேணாம்! ஒரு நாற்காலிய நிறுத்துங்க, அது சும்மா இருக்கும்!"

இவ்வாறு ஓராண்டு. அந்த ஓராண்டில் மேகலா கற்றவற்றுள் தலையாயது படக்கருவியைப் பற்றியதன்று, கேட்பதைப் பற்றியது. பாடகர் உச்ச ஓசைக்குப் போகுமுன் மூச்சு வாங்க ஒலிவாங்கியை விட்டுச் சற்றே பின்வாங்குவார், அந்த அரை நொடியில் முகம் திறக்கும் என்பதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒத்திகைகளுக்கு வந்து உட்கார்ந்தார். பாட்டுத்தாளின் ஓரத்தில் இம்தியாசின் விளக்கு மாற்றங்களைக் குறித்துக்கொண்டார். "கண்ணு லேட்டுணா. காதுதான் முன்னாடி போகும்" என்றார் ஒருமுறை. நான் தலையாட்டினேன். நான் ஒத்திகை எதற்கும் சென்றவனல்லன்.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

சரோசா அம்மையாரின் இறுதிக் கச்சேரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொழிலாளர் திருமணங்களிலும் மேதினக் கூட்டங்களிலும் நாற்பதாண்டுகள் பாடிய குரல். மறுவாரம் தொண்டையில் அறுவை; அதன்பின் பாட இயலாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் பாடும் படம் ஒன்று, ஒரே ஒரு நல்ல படம் வேண்டும் என்று அம்மையார் மேகலாவிடம் கேட்டிருந்தார். இறுதிப் பாட்டின் கடைசி அடிக்கு முன் ஒத்திகை ஒவ்வொன்றிலும் அவர் நிறுத்துவார். கருவிகள் எல்லாம் அடங்கும். தலை கவிழும். பிறகு இடப்பக்கம் திரும்பி, மறைந்த கணவர் மேளத்தோடு அமர்ந்திருந்த இடத்தைப் பார்த்து, கையுயர்த்தி, துணை ஏதுமின்றிக் கடைசி அடியைப் பாடுவார். அந்த அமைதியில் சிவப்பு அணைந்து, இடப்பக்கத்து விளக்கு ஒன்று மட்டும் இளமஞ்சளாய் எரிய வேண்டும் என்று மேகலாவும் இம்தியாசும் பேசி வைத்திருந்தார்கள். மேகலா மேடையின் இடது மூலையில், தரையில் மண்டியிட்டுக் காத்திருந்தார். ஓராண்டு கற்றதெல்லாம் அந்த மூன்று நொடிக்காக.

நான் இடப்பக்கத் திரை ஓரம் பொன்னாடையோடு நின்றிருந்தேன். கருவிகள் அடங்கின. அமைதி. முப்பதாண்டுகள் மேடையில் நின்ற எனக்கு, அமைதி என்றால் என் முறை வந்துவிட்டது என்று பொருள். பாட்டு முடிந்தது என்று எண்ணிப் பொன்னாடையை விரித்தபடி நேரே நடந்தேன். நடு மேடையில் அவர் அருகே போய் நின்றேன். விளக்கு எரிந்தது. அம்மையார் தலை நிமிர்ந்தார். கணவரின் இடத்தைப் பார்க்க வேண்டிய கண்கள் என் மார்பைப் பார்த்தன. ஆயினும் அவர் பாடினார். நடுவில் அமர்ந்திருந்த உங்களுக்கு நாங்கள் இருவரும் அருகருகே நிற்பது மட்டும் தெரிந்தது. திட்டமிட்ட சிறப்பு என்று எண்ணிக் கைதட்டினீர்கள். இடது மூலையில் இருந்த ஒருவருக்கு மட்டும் அந்த மூன்று நொடியும் என் முதுகாய்ப் போயிற்று.

நிகழ்ச்சி முடிந்ததும் மேகலா தம் கருவியின் திரையை எனக்குக் காட்டினார். விளக்கின் ஒளி முழுதும் என் வெள்ளைச் சட்டையில் பளீரென்று விழுந்திருந்தது. தோளுக்கு மேலே அம்மையாரின் உயர்த்திய விரல்கள் மட்டும்.

"உங்க முதுகு செம ஃபோகஸ்ல வந்திருக்குணா" என்று சிரித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் முகத்தைப் பார்த்து அவரே முந்திக்கொண்டார். "விடுங்கணா, என் தப்புதான். ரெண்டடி ரைட்ல நின்னிருக்கணும்." நோட்டை எடுத்து அதையே எழுதினார். அன்று என் நெஞ்சில் எழுந்தது வருத்தமன்று, ஆறுதல். அதைச் சொல்ல இன்று நாணுகிறேன்.

ஒரு மாதம் கழித்து அம்மையார் வீட்டில் இருந்து ஆள் வந்தது, கடைசிப் பாட்டின் படம் எங்கே என்று கேட்டு. செயற்குழு கூடியது. மேகலா அக்குழுவில் இல்லை. அவரை யாரும் அழைக்கவும் இல்லை. செயலர் அரங்கசாமி கொதித்தார்: "வருசம் பூரா வந்து புடிக்குது அந்தப் பொண்ணு. கேட்டது ஒரே ஒரு படம், அதக் கோட்ட உட்டுடுச்சு. இன்னா சொல்றீங்க தலைவரே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அநீதி கண்ட இடமெல்லாம் குரலெழுப்புவேன் என்று எத்தனை மேடைகளில் நெஞ்சு நிமிர்த்தியவன் நான்! அன்று நான் சொன்னது நான்கே சொற்கள்: "அவரே தம் தவறென்று ஒப்புக்கொண்டார்."

பொய்யில்லை. பொய்யைவிடக் கீழானது. என்னைக் காப்பதற்காக அவர் சொன்ன சொல்லை எடுத்து அவர் மீதே எறிந்தேன். அடுத்த நிகழ்ச்சி முதல் வேறொருவர் படமெடுப்பார் என்று முடிவாயிற்று.

அதன்பிறகும் மேகலா வந்தார். கருவி இல்லாமல், ஏழாவது எட்டாவது வரிசையில், பச்சையோ மஞ்சளோ உடுத்தி அமர்ந்திருப்பார். விளக்கு மாறும் நொடிகளில் அவர் வலக்கைச் சுட்டுவிரல் மடியில் மெல்ல அழுந்துவதை மேடையில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்த்தும் என் சொற்பொழிவைத் தொடர்ந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, அரங்கத்தின் படியில் என்னை நிறுத்தினார். "அண்ணா, வர ஞாயித்துக்கிழம கேமரா எடுத்துட்டு வரட்டா? ஓரமா நின்னுக்கறேன். புதுசா வரவருக்கு அட்டமா குறுக்க வரமாட்டேன்."

"செயற்குழுவின் முடிவு, மேகலை" என்றேன்.

"சரிங்கணா, பரவால்ல" என்றார். பிறகு, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

ஒக்கலிபுரத்து வீட்டில், புத்தர் படத்தின் முன் மெழுகுவத்திகள் எரிய அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் இம்தியாசு என் அருகே வந்து நின்றார். பின்பு சொன்னார்:

"அன்னிக்கு நான் லைட் மேசைல இருந்து எல்லாம் பாத்தேன் சார். கமிட்டிகிட்ட நான் போய்ச் சொல்றேன்க்கான்னு எத்தினி தடவ சொன்னேன். விடமாட்டேன்னுட்டாங்க. 'அவரே சொல்வாருப்பா. மைக்கு முன்னாடி நிக்கறவரு, சொல்லாமலா போவாரு'ன்னாங்க."

இரண்டு ஆண்டுகள் அவர் என்னை அப்படி நம்பிக்கொண்டிருந்தார். ஏழாவது வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நான் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது, இன்று சொல்வார் என்று காத்திருந்திருப்பார். நானோ மொழி பற்றியும் மானம் பற்றியும் முழங்கிவிட்டு இறங்கினேன்.

சரோசா அம்மையாரிடம் நேரில் சென்று சொல்லிவிட்டேன். குரல் இழந்த அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கும் உரிமை உடையவனல்லன். செயற்குழுக் குறிப்பேட்டில் மேகலாவைப் பற்றி எழுதப்பட்ட வரியின் கீழ் உண்மையை எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். தலைவர் பொறுப்பில் நான் இருப்பதா என்பதை நீங்கள் கூடி முடிவு செய்யுங்கள்.

மேகலாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு படம். கச்சேரி முடிந்த அன்றே, ஒரு சிரிப்புக் குறியோடு என் கைபேசிக்கு அனுப்பினார். அழிக்கவும் துணியாமல் காட்டவும் துணியாமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். அதை இவ்விதழின் அடுத்த பக்கத்தில் முழு அளவில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். அடியில் எடுத்தவர் பெயர் மேகலா. பொறுமையாகப் பாருங்கள். விளக்கு எரிய வேண்டிய நொடியில் எரிந்திருக்கிறது. விரல் அழுந்த வேண்டிய நொடியில் அழுந்தியிருக்கிறது. அம்மையாரின் கை உயர்ந்திருக்கிறது. குறுக்கே நிற்பவன் நான்.