செட் என்றொரு சொல்லும் என் மருமகளும்

செட்டப் என்று சொன்னவள் யாரோ, அவள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். பல்செட் கட்டும் பட்டறை முதலாளிக்கும் என் மருமகளுக்கும் ஏதோ இருந்ததாம், குட்டு வெளிப்பட்டதும் அவர் வேலையை விட்டு அனுப்பினாராம், அதனால்தான் அவள் வீட்டை விட்டும் போனாளாம். மாடிப்படியில் நின்று பேசுகிறார்கள். மாமியாரே மருமகளுக்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று கீழ்வீட்டுக்காரிக்கு ஒரே சிரிப்பு. சிரித்துக்கொள்ளட்டும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஆனால் நடந்தது எனக்குத் தெரியும். தப்பு செய்தவன் நான் பெற்ற பிள்ளை.

அவள் வாயில் எப்போதும் அந்த ஒரு சொல்தான். வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்கு ரெண்டு செட் முடிச்சுட்டேன் அத்தை" என்பாள். பல் அச்சில் ஊற்றிய மாவு இறுகினால் அதுவும் செட். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வீடு எனக்கு செட் ஆயிடுச்சு" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என் மகனுக்கோ செட்டு என்றால் சீட்டாடும் கூட்டாளிகள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மகளின் பெண் விடுமுறைக்கு வந்தபோது, தலையணை கனத்தில் ஓர் ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் படித்தாள். வைப்பது, பொருத்துவது, இறுகுவது, ஒன்றோடொன்று சேர்ந்த சாமான்கள், சூரியன் சாய்வது. முடிகிற வழியாக இல்லை.

"ஒத்தைச் சொல்லு இத்தனை வேலை பார்க்குதா? பாவம்டி" என்றேன்.

"என்னை மாதிரின்னு சொல்லுங்க அத்தை" என்றாள் மருமகள். பேத்தி பக்கம் திரும்பி, "ஏய், அதுல உங்க மாமாவோட சீட்டுக் கூட்டம் இருக்கா பாரு."

"இருக்கு அத்தை. ஒரே மாதிரி ஆளுங்க கூட்டம்னு போட்டிருக்கு."

"அப்போ சரியான புஸ்தகம்தான்."

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இந்தத் தெரு அவள்மேல் ஒட்டியிருக்கிற அர்த்தம் அந்தத் தடிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவள் வேலையைச் சொல்ல வேண்டும். பொக்கை வாய்க்குப் பல் செய்வது எடுத்தவுடன் முடிகிற காரியம் இல்லை. முதலில் மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அவர் அதை ஆளின் வாயில் வைத்துப் பார்த்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கின்றன என்றால்தான் கெட்டியான பல்செட்டாக வார்ப்பார்கள். மெழுகு கட்டத்தில் அது பச்சைப்பிள்ளை மாதிரி. சூடு ஆகாது. பட்டறை வண்டி ஓட்டியவன் என் மகன். பெட்டியை அவன் கையில் கொடுக்கும்போதெல்லாம், "எங்கேயும் நிறுத்தாதீங்க, வெயில் படக்கூடாது" என்று சொல்லித்தான் கொடுப்பாள். "தெரியும் தாயே" என்பான்.

ஒருநாள் அனுப்பிய அத்தனையும் டாக்டரிடமிருந்து திரும்பி வந்துவிட்டன. எல்லாவற்றிலும் பல் சரிந்திருந்தது. வாயை மூடினால் ஒரு பக்கம்தான் கடிபடுகிறது. முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நான் அடுக்கினப்போ சரியா இருந்துச்சு சார்" என்றாள் அவள்.

அவர் என் மகனைப் பார்த்தார். "வழியில ஏதாவது ஆச்சாப்பா?"

"இல்ல சார். நேரா கொண்டுபோய்க் குடுத்தேன்."

கட்டிய புருஷனே சொன்ன பிறகு முதலாளி வேறு யாரை நம்புவார்? மறுநாள் முதல் வர வேண்டாம் என்றார். அவள் வீட்டுக்கு வந்து, தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கைதான் தப்பு பண்ணிடுச்சு போல அத்தை" என்றாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். வாயைத் திறக்கவில்லை. தெரு மட்டும் திறந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவனைத் தேடி அவனுடைய சீட்டுக் கூட்டாளி ஒருவன் வந்தான். நல்ல பையன்தான், வெகுளி. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அந்த மெழுகு விஷயம் சரியாயிடுச்சாக்கா? அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சு வந்து பார்த்தா வண்டி அனலா கொதிக்குது. எல்லாம் உருகிடுச்சேன்னு அண்ணன் தலையில கை வச்சுட்டாரு."

குளித்துவிட்டு வெளியே வந்த என் மகன் அப்படியே நின்றான். கூட்டாளி ஒருமாதிரியாகி எழுந்து போய்விட்டான்.

"நிஜமா?" என்றாள்.

"ஆமா. நான்தான்னு சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். உனக்கென்ன, கைத்தொழில் இருக்கு. எங்கே போனாலும் பொழைச்சுக்குவ."

"வேலை போகட்டும். என்னையும் அவரையும் சேர்த்து இந்தப் படியில பேசினாங்களே, அது உங்க காதுல விழுந்துச்சா?"

அவன் துண்டை மடித்தான். "விழுந்துச்சு."

"ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா, பின்னே எதுக்கு வேலை போச்சுன்னு கேப்பாங்க இல்ல."

"டேய், நீ மனுஷனாடா?" என்றேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. அவளிடம்தான் பேசினான்.

"நீ எதையும் பெருசாக்குவ. ஆரம்பத்துல இருந்தே நமக்குள்ள செட் ஆகல."

அவள் உள்ளே போய்ப் பையில் துணியை எடுத்து வைத்தாள். பல்லுக்கு மெழுகு செதுக்கும் சின்னக் கத்திகளை ஒரு துணியில் சுருட்டி மேலாக வைத்தாள். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பேன்?

"எங்கம்மா போவ?" என்று மட்டும் கேட்டேன்.

"முதல்ல பட்டறைக்கு. நடந்ததை முதலாளிகிட்ட சொல்லணும். அவர் நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி. அப்புறம் எங்க அக்கா வீட்டுக்கு."

அவன் அவசரமாகச் சாவியை எடுத்தான். "இரு, நானே கொண்டுபோய் விடறேன். அவர்கிட்ட நான் பக்குவமா பேசிக்கிறேன்."

"வேண்டாங்க" என்றாள். "நான் நடந்தே போறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு, கூட்டம் நின்ற அந்தப் படி வழியாகவே இறங்கிப் போனாள்.