ஆயிரம் வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது

பெட்டியை முதலில் காதருகே கொண்டுபோய் ஒருமுறை குலுக்குவார். பிறகு இடது உள்ளங்கையில் வைத்து, கூரையைப் பார்த்தபடி எடை பார்ப்பார். மற்றவர்கள் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிடும் கயிற்றில் அவர் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கட்டியிருக்கிறார்; அது அதற்குப் பிறகுதான் மேலே வரும். குளிர்க்கோட்டு வாங்க வந்தவர்களும் குழந்தைக்குக் காலணி வாங்க வந்தவர்களும் வரிசையில் நிற்க, துர்சுனாய் அக்கா கரண்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரின் முதுகைத் திறந்துகொண்டிருப்பார்.

காரா-பால்தா என்னும் ஊரில் நான் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், முன்பு முடிதிருத்தும் கடை இருந்த இடத்தில் இணையச் சந்தையின் பார்சல் மையம் இருக்கிறது. அக்கா ஒருவர்தான் அங்கே எல்லாம். துணி போட்டுப் பார்க்க இரண்டு திரைத்தடுப்புகள் உண்டு. ஒன்றில் பெண்கள் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் முதுகைப் பார்ப்பார்கள். இன்னொன்றில் அக்காவின் முக்காலி, ஒரு விளக்கு, கம்பளித் துணியில் சுற்றிய அவருடைய சொந்த மீட்டர். ஊரில் ஓர் ஆலை இருந்த காலத்தில் அதன் கருவிகளைச் சரிபார்க்கும் அளவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவர் ஈயமுத்திரை குத்தாத கருவி எந்தப் பட்டறைக்குள்ளும் போனதில்லை. இப்போது வயது ஐம்பத்தெட்டு. பார்சலை வாங்குமுன் கேமராவுக்கு எதிரே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அங்கேயே திருப்பலாம் என்று சந்தை ஒரு விதி வைத்திருக்கிறது. துணிக்காக வைத்த விதி. அக்கா அதை மீட்டருக்குப் பயன்படுத்துகிறார்.

குளிர் தொடங்கினால் இந்தப் பெட்டிகள் கூடும். வீடுகள் எல்லாம் கரண்ட் அடுப்பில் சூடேறுகின்றன, ஒயர்கள் கருகுகின்றன, ஆளுக்கொரு மீட்டர் வேண்டியிருக்கிறது. இரண்டு கிண்ணம் லக்மான் நூடுல்ஸ் சாப்பிடும் காசுக்கு ஒரு மீட்டர் வந்துவிடும். மின்னலையைத் திரையில் காட்டும் உள்ளங்கை அகல ஆஸிலாஸ்கோப் வரும். மேலே போட்ட எண்ணில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே தேறாது. கனமான பவர் சப்ளையைத் திறந்தால் அடியில் ஓர் இரும்புத் துண்டு ஒட்டியிருக்கும், கனத்துக்காக மட்டும். பேர்பெற்ற கம்பெனியின் பெயர், ஓர் எழுத்து மட்டும் இடம் மாறி.

"மேல என்ன வேணா அச்சடிப்பான். முதுகைப் பாரு" என்பார் அக்கா.

முள்ளும் எண்ணும் சொல்வதை அவர் அப்படியே நம்புவதில்லை. மணி கேட்டால், "மூணே முக்கால், ஒரு நிமிஷம் முன்னபின்ன" என்பார். கறி வாங்கப் போகும்போது தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைப் பையில் கொண்டுபோய், கசாப்புக்காரரின் தராசில் முதலில் அதை வைப்பார். சுவரில் இரண்டு வெப்பமானிகள் மாட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால்தான் அவருக்குக் கவலை வரும்.

என்னையும் அவர் விடவில்லை. நான் வரவழைத்த கவிதைப் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தவர், பிரித்துப் புரட்டி, முகத்தைச் சுருக்கினார்.

"பக்கத்துக்குப் பாதி வெள்ளையா இருக்கே தம்பி. அச்சு விட்டுப்போச்சு போல. திருப்பிடலாமா?"

கவிதை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பரவாயில்லை அக்கா என்று வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அடுப்புக்குழாய் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படிக்க எனக்கு அனுமதி உண்டு.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒருமுறை கேட்டு எழுதினார்கள்: உங்கள் கிளையில் மட்டும் அளவுக்கருவிகள் பத்தில் ஏழு திரும்பி வருவது ஏன்? அக்கா போனை வாயருகே பிடித்து, குரல்பதிவாகப் பதில் அனுப்பினார். "மீதி மூணும் திரும்பியிருக்கணும். நான் சொன்னதை வந்த ஆளு கேக்கலை."

இந்த ஊரில் யார் கையிலாவது புதுப்பொருளைப் பார்த்தால் "நல்லபடியா அமையட்டும்" என்று சொல்லாமல் யாரும் போவதில்லை, முன்பின் தெரியாதவர்கூட. காலணியோ கட்டிலோ, அந்த வார்த்தை விழுந்த பிறகுதான் அது சொந்தமாகிறது. அக்காவும் எல்லாருக்கும் சொல்வார். குழந்தை உள்ளாடைக்குக்கூடச் சொல்வார். மீட்டருக்கு மட்டும், திறந்து பார்த்து மனம் ஒப்பினால்தான் வாயைத் திறப்பார். ஊருக்கே இது தெரியும். எர்மெக்குக்கும் தெரியும்.

எர்மெக், பதினான்கு கிலோமீட்டர் தள்ளி சாரி-புலாக் கிராமத்தில் வயரிங் வேலை செய்பவர். நாற்பது வயது இருக்கும். மின்வாரிய ஆட்கள் வந்து சேர்வதற்குள் கிராமத்துக்கு அவர்தான் எல்லாம். போன நவம்பர் கடைசியில், தான் வரவழைத்த மீட்டரை வாங்க வந்தார். பழையது பனியில் விழுந்து செத்துவிட்டதாம். வரிசையில் ஏழெட்டுப் பேர். பக்கத்துக் கடையில் சம்சா சுடும் ராஹிலா, கையில் மாவோடு, தனக்கு வந்த தலைத்துணிக்காக நின்றிருந்தார்.

அக்கா முதுகைத் திறந்தார். விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"எர்மெக்கு, இங்க வா. ஆம்பியர் ஓட்டையிலேர்ந்து போற வழியைப் பாரு. இந்த இடத்துல மணல் அடைச்ச பீங்கான் ஃபியூஸ் இருக்கணும். என்ன இருக்கு?"

"கம்பி."

"வெறும் கம்பி. மேல ஆயிரம் வோல்ட்டுன்னு அச்சடிச்சிருக்கான்."

"அக்கா, நான் பதினேழு வருஷமா இந்த வேலை பாக்கறேன். வோல்ட் பாக்க வோல்ட் ஓட்டை, ஆம்பியர் பாக்க ஆம்பியர் ஓட்டை. எனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சவன்தான் மறப்பான். காலையில பக்கத்து வீட்டுக்காரன் காரு கிளம்பாது. பேட்டரி கரண்ட் எங்க ஒழுகுதுன்னு பாக்க உன்னைக் கூப்பிடுவான். சிவப்பு வயரை ஆம்பியர் ஓட்டையில சொருகுவே. அப்படியே சுத்திப் பையில போடுவே. மத்தியானம் இன்னொருத்தன் வீட்டு மெயின்ல கொண்டுபோய் வைப்பே. நல்ல மீட்டர்னா ஃபியூஸ் போகும். இது வெடிச்சு உன் கையி போகும்."

ராஹிலா இடையில் புகுந்தார்.

"எர்மெக்கு, அக்கா அதைக் குடுக்க மாட்டாங்க. ஒரு சம்சா வாங்கிட்டுப் போ. அதைத் திறந்து பாத்தா உள்ள கறியாவது இருக்கும்."

"எல்லா சம்சாவுலயுமா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எர்மெக்கின் காது சிவந்தது. அக்கா சிரிக்கவில்லை. தன் கம்பளித் துணியை எடுத்து வந்து, மேடைமேல் வைத்துப் பிரித்தார்.

"என்னோடதை எடுத்துட்டுப் போ. நல்லது ஒண்ணு வரவழைப்போம், இருபது நாள் ஆகும். வந்ததும் இதைக் குடுத்துடு."

இதைத் தனியாகச் சொல்லியிருந்தால் எர்மெக் வாங்கியிருப்பாரோ என்னவோ. ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இரவல் கருவியோட வேலைக்குப் போற ஆளு இல்ல அக்கா நான். நாளைக்கு மூணு வீட்ல வேலை இருக்கு. மூடிக் குடுங்க."

அக்கா நான்கு திருகாணிகளையும் மெதுவாக முடுக்கினார். ஸ்கேனர் பீப் என்றது. பெட்டி அவர் கைக்குப் போனது. எர்மெக் போகவில்லை. நின்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தபடி பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தை நிற்பதுபோல நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லிடுங்க அக்கா."

அக்காவின் உதடுகள் அசைந்தன. நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. ராஹிலா அவசரமாக, "நல்லபடியா அமையட்டும், நல்லபடியா அமையட்டும்" என்றார். அந்த வார்த்தை எர்மெக்குக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. கதவு திறந்து பனிக்காற்று உள்ளே வந்தது, மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து அக்கா போனில் மின்தடை அறிவிப்புக் குழுவை விடாமல் பார்க்க ஆரம்பித்தார். மாவட்டத்தில் எந்தக் கிராமத்தில் கரண்ட் போனாலும் அதில் பெயர் வரும். டிசம்பரில் ஒரு பிற்பகல், மூன்று ஊர்களின் பெயர்களுக்கு நடுவே சாரி-புலாக் வந்தது. அக்கா தன் சொந்த போனை எடுத்து எர்மெக்கின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் "ஹலோ" என்றது எனக்கே கேட்டது. உடனே துண்டித்துவிட்டார்.

"பேசலையா அக்கா?"

"என்னன்னு பேசறது? உயிரோட இருக்கியான்னா? அதை வாயால கேக்கலாமா தம்பி?" போனை மேடையில் கவிழ்த்து வைத்தார். "குரல் வந்துச்சு. போதும்."

அந்தக் குளிர்காலத்தில் பதினோரு முறை அப்படி அழைத்தார். எண்ணியிருக்கிறேன். பார்சலை யாரிடமோ கொடுத்துக்கொண்டே, கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கியபடி. கரண்ட் போனதும் உடனே அழைக்க மாட்டார். கம்பத்தில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் போன் அடித்து, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? கால் மணி நேரம் விடுவார். அந்தக் கால் மணியில் பார்சல்களை வேறு வேறு தட்டில் மாற்றி வைப்பார். பிறகு அவற்றை நாங்கள் இருவரும் தேடுவோம். ஒருமுறை மூன்றாவது மணியோசைக்குத்தான் எடுத்தார் எர்மெக். அந்த மூன்று மணியோசைக்குள் அக்கா பசைநாடாவைத் தன் விரலிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒற்றை "ஹலோ"வை வைத்து அவர் கணக்கிடுவார். ஆலையின் அளவைக்கூடத்தில் முள்ளைப் பார்த்த அதே கவனம்.

"மூச்சு வாங்கலை. ஏணியில இல்ல, கீழதான் நிக்கறான்." இன்னொரு நாள்: "பின்னாடி காத்துச் சத்தமே இல்ல. எங்கயோ உள்ளதான் இருக்கான். நல்லது." ஜனவரியில் ஒருமுறை எர்மெக் கொஞ்சம் கூடுதலாகவே பேசினார். "ஹலோ. வேலையில இருக்கேங்க. எல்லாம் நல்லாத்தான் போகுது." யாரென்று கேட்கவில்லை. அக்கா போனைத் துண்டிக்க மறந்து, அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை ராஹிலாவிடம் ஆறு சம்சா வாங்கி வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார், காரணம் சொல்லாமல்.

எர்மெக்கின் பார்சல்களை இப்போதெல்லாம் அவர் மனைவி நாஸ்குல் வந்து வாங்கிப் போனார். குழந்தைகளின் கம்பளிக் காலுறை, மருந்துக்கடையில் கிடைக்காத ஏதோ களிம்பு. "உன் வீட்டுக்காரன் எங்கம்மா?" என்று அக்கா கேட்பார். "எங்க, ஏதாவது கம்பத்துல இருப்பாரு" என்பார் நாஸ்குல், கையெழுத்துப் போடும் திரையைப் பார்த்தபடி.

"அந்த மீட்டரைத்தான் இன்னும் வச்சிருக்கானா?"

"வேற என்ன இருக்கு அக்கா."

மார்ச் பிறந்தது. கூரைப் பனி உருகி வாசலில் சொட்டியது. அடுப்புகள் குறைந்தன, மின்தடையும் குறைந்தது. அறிவிப்புக் குழு நாள்கணக்கில் பேசாமல் கிடந்தது. அக்கா இப்போது இரவில் தூங்குகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "ஒரு குளிர் தாண்டிட்டான். அடுத்ததுக்குள்ள நல்லதா ஒண்ணு வாங்க வச்சிடலாம்" என்று என்னிடம் சொன்னார். புது ஆஸிலாஸ்கோப் ஒன்று வந்திருந்தது. பெட்டியைக் காதருகே கொண்டுபோனார்.

ஏப்ரலில் நகரத்துக்குப் போகும் மினிபஸ்ஸில் நாஸ்குல் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் மருத்துவமனைக் கோப்பு. நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், ஜன்னலைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி.

மீட்டர் வாங்கிய ஒன்பதாம் நாள். காலையில் பக்கத்து வீட்டு காரின் பேட்டரி. மத்தியானம் பால்காரர் வீட்டு மெயின் பெட்டி. வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. தோல் ஒட்ட வைத்திருக்கிறார்கள். அக்காவின் முதல் அழைப்பு வந்தது அதற்கு நான்கு நாள் கழித்து. அந்தக் குளிர்காலம் முழுவதும் எர்மெக் ஒரு கம்பத்தையும் தொடவில்லை. கிராமத்துக்கு ஆள் வேறிடத்திலிருந்து வந்தார்.

"பின்னாடி பார்சலுக்கு அடிக்கற பீப் கேட்டுச்சு. அதுலயே யாருன்னு கண்டுபிடிச்சுட்டாரு" என்றார் நாஸ்குல். "நான் போய்ச் சொல்லிடறேன்னேன். அந்த அம்மா தூங்கட்டும், விடுன்னாரு."

கரண்ட் போனால் அவர் வீட்டில் மற்ற எல்லோரும் மெழுகுவத்தியைத் தேடுவார்களாம். எர்மெக் மட்டும் போனை இடது கையில் எடுத்துக்கொண்டு, இருட்டில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அது அடிக்கக் காத்திருப்பாராம்.